கீச்... கீச்... க்ளட்ச் பேசுது, கேளுங்க!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. மாமா வீட்டு ஷெட்ல தூங்கிட்டிருந்த பழைய ஜீப்பை எழுப்பி, 'மலைக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுறோம்'னு கிளம்பப் போறீங்க. டேங்க்ல டீசல் இருக்கு, டயர்ல காத்து இருக்கு, பாட்டும் ரெடி. ஆனா, க்ளட்ச்சை மிதிச்சா 'கீச்', விட்டா 'கீச்ச்ச்'... ஏதோ எலிக்குஞ்சை மிதிச்ச மாதிரி ஒரு சத்தம்!

உடனே உங்க செட்டுல ரெண்டு கோஷ்டி உருவாகும். 'பாட்டு சவுண்டைக் கூட்டுடா, சரியாப் போயிடும்' என்பது முதல் கோஷ்டி. 'க்ளட்ச் அவுட்டு மாப்ளே, கியர்பாக்ஸை இறக்கணும்' என்று பீதி கிளப்புவது ரெண்டாவது கோஷ்டி. முதல் கோஷ்டி பேச்சைக் கேட்டா நடுமலையில நிப்பீங்க. ரெண்டாவது கோஷ்டி பேச்சைக் கேட்டா பர்ஸ் காலி. இந்த வாரம் நாம பார்க்கப் போறது இந்த ரெண்டுக்கும் முன்னாடி செய்ய வேண்டிய வேலையை. சத்தம் எந்த இடத்துல இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது!

ஏன் கீச்சுது?

காய்ஞ்சு போன ரெண்டு பொருள் உரசும்போது வழுக்கிக்கிட்டு ஓடாது. கொஞ்சம் ஒட்டும், பிடி விட்டு நழுவும், மறுபடி ஒட்டும். இது ஒரு செகண்டுக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்போது வர்ற அதிர்வுதான் உங்க காதுல 'கீச்'. வயலின் வில் தந்தி மேல செய்யுறதும், போர்டுல சாக்பீஸ் செய்யுறதும் இதே வேலைதான்.

உராய்வு, தேய்மானம், மசகு... இந்த மூணையும் படிக்கிற துறைக்கு 'ட்ரைபாலஜி'ன்னு பேர். 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வந்த அறிக்கைதான் இந்தப் பேரைப் பிரபலமாக்கியது. இந்த விஷயத்தை ஒழுங்கா கவனிச்சாலே பிரிட்டனுக்கு வருஷத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும்னு அதுல கணக்கு போட்டிருந்தாங்க. கிரீஸ் டப்பாவை இனிமே கேவலமாப் பார்க்காதீங்க பாஸ்!

காட்டு ரோட்டுல ஓடுற வண்டிக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப்புகளையே பாருங்க. ரோடுன்னு சொல்லவே முடியாத கல்லுப் பாதை. டிரைவர் கால் க்ளட்ச்சை விட்டு நகர நேரமே கிடையாது. நடுவுல ஓடையில இறங்கினா தண்ணி கிரீஸைக் கழுவிட்டுப் போயிடும். மிச்சம் இருக்கிற கிரீஸோட புழுதி சேர்ந்தா, அது உப்புத்தாள் மாதிரி தேய்க்க ஆரம்பிச்சிடும்.

காதைத் தீட்டுங்க!

வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைங்க. கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்குங்க. இப்ப ஒருத்தர் பெடலைக் கையால மெதுவா அமுக்கி விடணும். இன்னொருத்தர் டார்ச்சோட டேஷ்போர்டுக்கு அடியில தலையை விடணும். செட்டுலயே ஒல்லியானவங்களுக்கு இந்தப் பதவியைக் கொடுங்க. மூணாவது ஆள் வண்டிக்கு வெளியே, கியர்பாக்ஸ் பக்கம் காதைக் கொடுக்கட்டும்.

இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே 'கீச்' வருதா? பாதி நிம்மதி. சத்தம் பெரும்பாலும் பெடல் பக்கம்தான். ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் விரலை வெச்சுப் பாருங்க. கீச்சுற இடம் விரலுக்கு அதிர்வாத் தெரியும். தேட வேண்டிய இடங்கள்: பெடல் தொங்குற போல்ட்டும் அதுக்குள்ள இருக்கிற புஷ்ஷும், ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற கொக்கி, பெடலையும் தள்ளு கம்பியையும் இணைக்கிற பின். ஜிப்ஸி மாதிரி கேபிள் வண்டின்னா அந்த கேபிளையும் சேர்த்துக்குங்க.

உள்ளே ஒண்ணும் கேக்கலை, வெளியே நிக்கிறவருக்கு மட்டும் கேக்குதா? அப்ப கியர்பாக்ஸ் முன்னாடி இருக்கிற ரிலீஸ் ஃபோர்க் காய்ஞ்சிருக்கலாம்.

அடுத்து, நியூட்ரல்லயே வெச்சு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி எல்லார் கையும் தலையும் வெளியே வந்தாச்சான்னு பார்த்துடுங்க! ஆஃப்ல சத்தமே இல்லாம, இன்ஜின் ஓடும்போது மிதிச்சா மட்டும் 'கர்ர்ர்'னு வந்தா, ரிலீஸ் பேரிங் மேல சந்தேகப்படலாம். அதுக்கு வெளியிலிருந்து கிரீஸ் வெக்க முடியாது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். காலை எடுத்தா சத்தம் வந்து, மிதிச்சா அடங்குதுன்னா, கியர்பாக்ஸோட முன் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க. இது ரெண்டும் மெக்கானிக் அண்ணன் ஏரியா.

கை வைக்கலாமா?

பெடல் பக்கம்தான்னு தெரிஞ்சா தாராளமா வைக்கலாம். ஆனா, வாரன்ட்டி இருக்கிற புது வண்டியை சர்வீஸ் சென்டருக்கே விடுங்க. ஏர்பேக் இருக்கிற வண்டின்னா டேஷ்போர்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீங்க.

முதல்ல ஸ்பிரிங்கைக் கழட்டுங்க. தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி முக்கியம். அப்புறம் பின், அப்புறம் பெடல் போல்ட். கழட்டுற ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. மாட்டும்போது 'இது எங்கேர்ந்து வந்துச்சு?'ன்னு ஒரு வாஷர் கையில மிஞ்சாது. பழைய கிரீஸையும் மண்ணையும் பனியன் வேஸ்ட்டால சுத்தமாத் துடைங்க. புஷ்ஷை எடுத்துப் பாருங்க. வட்டமா இருந்த ஓட்டை முட்டை ஷேப்புக்கு வந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, கிரீஸ் தடவி ஏமாத்தாதீங்க, மாத்திடுங்க. நல்லா இருந்தா, நைலான் புஷ்ஷுக்கு சிலிகான் கிரீஸ், இரும்போட இரும்பு உரசுற இடத்துக்கு லித்தியம் கிரீஸ். மெல்லிசா ஒரு கோட்டிங் போதும். கொளகொளன்னு அப்பினா, அடுத்த ட்ரிப்ல அத்தனை புழுதியும் அங்கேயே டேரா போட்டுடும்.

'அந்த நீலக்கலர் ஸ்பிரே டப்பாவை ஒரு அடி அடிச்சா போதாதா?'ன்னு ஒரு குரல் கேக்குது. டபிள்யூடி-40 பொறந்தது 1953-ல், அமெரிக்காவின் சான் டியாகோவில். தண்ணியை விரட்டித் துருவைத் தடுக்கிறதுக்கான 40-வது ஃபார்முலா என்பதால்தான் அந்தப் பேர். துரு பிடிச்ச நட்டைக் கழட்ட கில்லாடி. ஆனா, தினமும் நூறு தடவை மிதிபடுற இடத்துல கிரீஸ் மாதிரி நின்னு விளையாடாது. சத்தம் அடங்கிடுச்சுன்னு நினைப்பீங்க, கொஞ்ச நாள்ல 'மறுபடியும் நான்தான்'னு வரும். இன்னொரு விஷயம், ரிலீஸ் ஃபோர்க் பக்கம் எந்த ஸ்பிரேயும் அடிக்காதீங்க. எண்ணெய் க்ளட்ச் பிளேட்ல பட்டா பிடிப்பு போயிடும். இலவசமா முடிய வேண்டிய வேலை, பிளேட் மாத்துற வேலையாயிடும்.

இதை மட்டும் விட்டுடாதீங்க!

பெடலையும் தள்ளு கம்பியையும் இணைக்கிற பின்னைப் பத்தி சொன்னேன் இல்லையா? அதை வெளியே வராமப் பிடிச்சிருக்கிறது ஒரு சின்ன ஸ்பிளிட் பின். கீச் சத்தத்தைத் தேடிப் போனவங்களுக்கு, பாதி தேய்ஞ்சு தொங்கிட்டிருக்கிற பின் கண்ணுல படலாம். அது ஏத்தத்துல கழண்டு விழுந்தா பெடல் தரையோட படுத்துடும். கியர் மாத்த முடியாது. வண்டியை நிறுத்தினா இன்ஜின் அணையும். பூஸ்டர் இருக்கிற வண்டின்னா, ரெண்டு மூணு மிதியில பிரேக் பெடலும் கல்லு மாதிரி ஆயிடும். பின்னாடி பள்ளம். வண்டிக்குள்ள உங்க மொத்த கேங்கும்! அதனால கழட்டின ஸ்பிளிட் பின்னைத் திரும்ப மாட்டாதீங்க, புதுசு போடுங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஹைட்ராலிக் க்ளட்ச்சா இருந்தா, தள்ளு கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள்ள நுழையுற இடத்தையும் தடவிப் பாருங்க. ஈரம் இருந்தா லீக். அங்கே கிரீஸ் வைக்கக் கூடாது. சாதாரண கிரீஸ் பட்டா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் உப்பிடும். மெக்கானிக்கிட்ட காட்டிட்டு அப்புறம்தான் மலை.

எல்லாம் மாட்டினதும் பத்துத் தடவை மிதிச்சுப் பாருங்க. கேபிள் வண்டியில பெடலோட ஃப்ரீ பிளே மேனுவல்ல சொல்லியிருக்கிற அளவுல இருக்கான்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. அப்புறம் காலி கிரவுண்ட்ல ஒரு ரவுண்டு.

ரெக்கார்டு நோட்டுல க்ளட்ச் படத்தை அழகா வரைஞ்சு கையெழுத்து வாங்கிட்டு, ஒரு ஸ்பிளிட் பின்னைக்கூட கழட்டாமலே டிகிரி வாங்குற மெக்கானிக்கல் மக்கள் நிறைய பேர் இருக்காங்க. இந்த லீவுல அந்தக் கணக்கை முடிச்சுடலாம். பி.காம்., பி.ஏ. மக்களே, உங்களுக்கும் தடை இல்லை. கீச்சுக்கு டிபார்ட்மென்ட் தெரியாது! நீங்களே சரி பண்ண முடியலைன்னாலும் பரவாயில்லை. மெக்கானிக்கிட்ட போய், 'அண்ணே, இன்ஜின் ஆஃப்ல சத்தம் இல்லை, ஓடும்போது மிதிச்சா மட்டும் வருது'ன்னு சொல்லிப் பாருங்க. அவர் உங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அதுக்கப்புறம் பேச்சே வேற மாதிரி இருக்கும்.

அடுத்த வாரம்: மலையில இறங்கும்போது பிரேக் ஏன் நாறுது?