துப்பாக்கிக்கு வாரிசு உண்டு. யோக்கியதைக்கு வாரிசு உண்டா?

பம்மலில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தகப்பனார் லைசென்சு பெற்று ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்து காலமாகிவிட்டார். துப்பாக்கி ஒரு கடையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மகன் போய், "என் அப்பன் துப்பாக்கி, கொடு" என்கிறார். கடைக்காரர், "லைசென்சு எங்கே?" என்கிறார். பேச்சு தடித்து, "எங்கள் குடும்பம் எப்பேர்ப்பட்டது தெரியுமா?" என்பதில் வந்து நிற்கிறது.

இம்மாதிரி வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று நம்மைக் கேட்டால், பாதி கடைக்காரர் பக்கம், பாதி வாடிக்கைக்காரர் பக்கம் என்றுதான் சொல்லுவோம்.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு என்ன சொல்லுகிறது? வைத்திருக்கும் உரிமை அற்றுப்போன ஆயுதத்தைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சொந்தக்காரர் இறந்துபோனால் வாரிசு தனக்கு உரிமை ஏற்பட்டபின் அதைத் திரும்பப் பெறலாம்; அல்லது உரிமையுள்ள வேறொருவருக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே லைசென்சு இல்லாத மகனிடம் கொடுக்க மறுத்த கடைக்காரர் சட்டப்படிதான் நடந்தார்.

ஆனால் அதே கடைக்காரர் அடுத்த வார்த்தையில், "இனி இது உமக்கு ஆகாது, நான் கொடுப்பதை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்" என்பாரானால், அது பித்தலாட்டமே ஆகும். ஒப்படைத்த பொருளுக்குக் கடைக்காரர் காவல்காரரே ஒழிய எஜமானர் அல்ல. குறித்த கெடுவுக்குள் வாங்காமலும் விற்காமலும் இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவினால் துப்பாக்கி பறிமுதலாகலாம் என்பது உண்மை. அந்தப் பயத்தைக் காட்டியே அடிமாட்டு விலைக்குக் கேட்பதுதான் அக்கிரமம். தனிமனிதர் தம் துப்பாக்கியை லைசென்சுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ வாங்குகிறவர் பெயர் விலாசத்துடன் எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. இதை வாடிக்கைக்காரருக்குச் சொல்லாமல் மறைப்பவரை வியாபாரி என்று எப்படிச் சொல்லுவது?

சர்க்காரின் பங்கும் இல்லாமலில்லை. பம்மல்வாசி வீட்டைவிட்டு நகரவில்லை. ஆனால் 2019-ல் காஞ்சிபுரம் ஜில்லா போய் செங்கல்பட்டு ஜில்லா வந்தது. 2021-ல் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. 2022-ல் தாம்பரத்துக்கு என்று ஒரு போலீஸ் கமிஷனர் வந்தார். கமிஷனர் உள்ள இடத்தில் இச்சட்டத்துக்கு அவரே மாஜிஸ்திரேட்டின் ஸ்தானத்தில் இருப்பவர். இது தெரியாமல் ஜனங்கள் ஆபீசுக்கு ஆபீஸ் அலைந்தால் குற்றம் யாருடையது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இச்சட்டத்தில் நாம் மெச்சுவது ஒன்று உண்டு. துப்பாக்கி என்னும் சொத்து மகனுக்குப் போகிறது. அதைக் கையில் எடுக்கும் யோக்கியதை போவதில்லை. 2016-ம் வருஷத்து விதிகள் வாரிசு லைசென்சு கேட்க வழிவிடுகின்றன என்றாலும், அவரும் தம் தகுதியைக் காட்டியாக வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு அப்பன் யாராயிருந்தாலும் கிடையாது. பிறப்பு வேறு, தகுதி வேறு என்று நாம் சொன்னால் கோபிக்கிறவர்கள், துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அதை ஒப்புக்கொள்வானேன்? குண்டு பட்டால் உயிர் போகும் என்பதாலா? அப்படியானால் தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் நியமனத்தை ஒழிக்க 1970-ல் சட்டம் செய்தபோது கூச்சல் போட்டது எதற்காக?

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 1878-ம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டத்தில் வெள்ளையருக்கு விலக்குக் கொடுத்தார்கள், குடகர்களுக்கும் கொடுத்தார்கள். வெள்ளையர் போய்விட்டார்கள். குடகில் பிறந்த குடகருக்கு லைசென்சு வேண்டாம் என்ற விலக்கோ 2019-ல் மறுபடியும் பத்து வருஷத்துக்கு நீட்டப்பட்டிருக்கிறது. குடகர்மேல் நமக்குத் துவேஷமில்லை. பம்மல்காரருக்கு 45 நாள், இன்னொருவருக்குப் பிறப்பே லைசென்சு என்பது எந்த நீதி என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே வாடிக்கைக்காரருக்கு நாம் சொல்வது: குடும்பப் பெருமையையும் பெரிய மனிதர் சிபார்சையும் வீட்டில் வைத்துவிட்டு, ஒப்படைத்த ரசீதையும் மனுவின் நகலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கடைக்காரருக்குச் சொல்வது: ஆயுத பூஜையன்று துப்பாக்கிக்குப் பொட்டு வைப்பதைவிட, வருஷம் முழுவதும் கணக்குப் புத்தகத்தை யோக்கியமாக வையுங்கள்.