செட்டாப் பாக்ஸ் கடையில் கிடைக்கட்டும்

கேபிள் நிறுவனத்தை மாற்றினால் செட்டாப் பாக்ஸையும் மாற்றியாக வேண்டும். டிடிஎச்சிலும் இதே நிலைதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி பரணுக்குப் போகிறது, புதிதுக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. எண்ணை மாற்றாமலேயே செல்பேசி நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. டிவி பார்ப்பவருக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லை?

தொழில்நுட்பம் தடையல்ல. சேனல்களைப் பூட்டி அனுப்பும் நிறுவனம், திறக்கும் சாவியையும் பெட்டிக்குள்ளேயே பதித்துவிடுகிறது. அந்தச் சாவியை மட்டும் யுஎஸ்பியில் செருகும் சிறு கருவியாகப் பிரித்துவிட்டால், பெட்டியை எந்தக் கடையிலும் வாங்கலாம். 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது இதைத்தான். மாறிக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரலாம் என்றும் சொன்னது. ஆண்டுகள் ஓடியும் மத்திய அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை.

விலை கூடும், சிக்னல் திருட்டு பெருகும் என்பது நிறுவனங்களின் வாதம். சாவி அவர்கள் கையிலேயே இருக்கும்போது திருட்டு எப்படிப் பெருகும்? தொடக்கத்தில் விலை சற்றுக் கூடலாம். பல நிறுவனங்கள் போட்டி போட்டு விற்கும் பொருள் நெடுநாள் அப்படியே இருக்காது.

அரைகுறை விதி எப்படித் தோற்கும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. பெட்டிகள் கடையில் கிடைக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதற்காக வந்த கேபிள்கார்டு என்ற சாவி அட்டை ஒருவழிப் பாதையாகவே இருந்தது. விரும்பிய படத்தைக் கேட்டுப் பார்க்கும் வசதி அதில் இல்லை. மக்கள் வாடகைப் பெட்டிக்கே திரும்பினார்கள். 2015இல் இரு செனட்டர்கள் திரட்டிய கணக்கின்படி, ஒரு வீடு ஆண்டுக்குச் சராசரியாக 231 டாலர் வாடகை கொடுத்தது. 2016இல் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதி கொண்டுவர முயன்று, செப்டம்பரில் வாக்கெடுப்பைக் கைவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இது தொலைதூரப் பிரச்சினை இல்லை. 2022 நவம்பரில், மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்துடன் ஏற்பட்ட பிரச்சினையால் அரசு கேபிள் ஒளிபரப்பு முடங்கி, லட்சக்கணக்கான வீடுகளில் டிவி ஓடவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தவரும் புதிய பெட்டிதான் வாங்க வேண்டியிருந்தது.

கேபிள் டிவி விதிகளையும் டிடிஎச் உரிம நிபந்தனைகளையும் திருத்தி, இந்த முறை அமலாகும் தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவனங்கள் தாங்களே கொடுக்கும் புதிய பெட்டிகளும் அதே பொதுத் தரத்தில்தான் இருக்க வேண்டும். தங்கள் சொந்தப் பெட்டிக்கும் அதே சாவிதான் என்றால், அதைச் சரியாக வேலை செய்ய வைப்பதில் அவர்களே அக்கறை காட்டுவார்கள்.