மாதிரி விமானச் சங்கம்: உறுப்பினர்க்குக் கிடைப்பது யாது?

ஒரு சங்கத்திற்குச் சந்தா செலுத்துமுன், "இதனால் வரும் ஊதியம் யாது?" என வினவுதல் மக்கட்கு இயல்பு. மாதிரி விமானஞ் செய்து பறக்கவிடும் மாணவரும் அங்ஙனமே வினவுகின்றனர். அடையாளச் சீட்டும் சஞ்சிகையும் கிடைக்கும் என்பர் சிலர். அவை சிறுபயன் என்பதே நம் துணிபு.

அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு தோன்றிய மாதிரி வானூர்திக் கழகத்தை நோக்குவோம். அதன் உறுப்பினர் விடுத்த விமானம் பிறர் உடலுக்கோ உடைமைக்கோ ஊறு செய்யுமாயின், 25 இலட்சம் டாலர் வரை ஈடுசெய்யும் காப்பீட்டை அக்கழகம் அளிக்கின்றது. உறுப்பினர்க்கு வேறு காப்பீடு உளதாயின் அதுவே முதலில் ஈடு தரல் வேண்டும். கழகத்தின் காப்பீடு அதன் பின்னரே வரும். விழுந்து நொறுங்கிய தம் விமானத்திற்கு அக்காப்பீடு ஈடு தாராது. கழகத்தின் பாதுகாப்பு விதிகளைக் கைக்கொள்வதும் உறுப்பினர் கடன். ஆதலின், நாம் செலுத்தும் சந்தா முதற்கண் காப்பது நம் அயலாரையே என்க.

நம் நாட்டு நிலை யாது? வான்விளையாட்டுகளுக்கென ஏரோ கிளப் ஆஃப் இந்தியா 1927-இல் நிறுவப்பெற்றது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவும் மாதிரி விமானக் கலையைப் பயிற்றுகின்றது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளோ, கல்விக்கும் பொழுதுபோக்கிற்குமாகக் கண்ணுக்கெட்டும் எல்லைக்குள் இயக்கும், 25 கிலோகிராமுக்கு மேற்படாத மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் வேண்டுவதில்லை. ஆயினும் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றிற்கு மூன்றாம் நபர் காப்பீட்டை வேண்டுகின்றன. சான்றிதழை விலக்கிய சட்டமும் அயலாரை மறந்திலது.

சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசல் வெளியைக் கண்ட இளைஞர், "இங்கு யாருக்கு என்ன ஊறு நேரும்?" எனக் கூறக்கூடும். வயலிற் களையெடுப்பார் இலரோ? சாலையிற் செல்வார் இலரோ? ஆடித்தபசு நாளில் ஊரே மக்கள் வெள்ளமாகும். அத்திரளின்மேல் ஒரு கிலோகிராம் எடையுள்ள விமானம் வீழுமாயின், அதனை விளையாட்டென்று எவர் கொள்வார்?

ஆகவே, மாணவ நண்பர்காள், எச்சங்கத்திற் சேரினும் மூன்று வினாக்களை முதற்கண் எழுப்புக. பிறர்க்கு ஊறு நேரின் ஈடு தருவார் யார்? பறக்குமுன் விமானத்தைச் சோதிப்பார் யார்? புதியோர்க்குக் கைபிடித்துக் கற்பிப்பார் யார்? இவற்றிற்கு நேரிய விடை தரும் சங்கத்திற்குச் செலுத்தும் பணம் வீணாகாது. விடை தாராததாயின், அதன் அடையாளச் சீட்டு வெறுந்தாளே.