நாற்காலி நமக்கு, அதிகாரம் யாருக்கு?

பணியிட மன அழுத்தம் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை வேலையோடு தொடர்புடைய ஒன்றாகத் தன் நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டது. நிறுவனங்கள் மேலாளர்களுக்கு யோகா வகுப்பும் மூச்சுப் பயிற்சியும் நடத்துகின்றன. மேலாளரின் மனநலம் கெட்டால் அவர் எடுக்கும் முடிவுகளும் கெடும், குழுவே பாதிக்கப்படும் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் இந்தப் பேச்சில் சாதி மட்டும் வருவதே இல்லை. ஒரு தலித் அதிகாரியின் வேலையில் தொய்வு ஏற்பட்டால் அவருக்கு என்ன அழுத்தம் என்று யாரும் கேட்பதில்லை. “கோட்டாவில் வந்தவர்தானே” என்று முடித்துவிடுகிறார்கள்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் ஒரு விளக்கம் தந்தார். வேலைப் பளு மட்டும் ஆளை முடக்குவதில்லை. பளு கூடுதலாகவும், அந்த வேலையைத் தன் முடிவுப்படி செய்யும் அதிகாரம் குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் கடுமையாகிறது. லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் உயர் அதிகாரிகள் அல்ல, கீழ்நிலை ஊழியர்கள் என்று தெரியவந்தது. வேலையின் மீது கட்டுப்பாடு இல்லாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது.

அப்படியானால் பதவி உயர உயரப் பாதுகாப்பும் கூட வேண்டும். நம் ஆட்களுக்கு அது நடப்பதில்லை. பதவி உயர்கிறது, பொறுப்பு கூடுகிறது, அதிகாரம் மட்டும் கைக்கு வருவதில்லை.

அண்ணல் அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவர், 1917இல் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார். பியூன்கள் கோப்புகளை அவர் மேசையில் தூர நின்று வீசினார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து ஒரு கும்பல் தடிகளோடு வந்து விரட்டியது. சில நாட்களிலேயே அவர் பரோடாவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்த நாட்களை மட்டும் வைத்து யாராவது அவருடைய திறமைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் என்ன போட்டிருப்பார்கள்?

இன்று ஊராட்சியைப் பாருங்கள். ஊராட்சித் தலைவரும் ஒரு நிர்வாகிதான். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரும் ஒப்பமிட வேண்டும். தலைவர் தலித், துணைத்தலைவர் ஆதிக்கச் சாதி என்றால் அந்த ஓர் ஒப்பத்தை வைத்தே நிர்வாகத்தை முடக்க முடியும். குடிநீர் வரவில்லை என்ற கேள்வி மட்டும் தலைவரிடம் வரும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஒரு தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. தரையில் உட்காரவைத்தவரிடம் நாற்காலிக்குரிய செயல்பாட்டை எப்படி எதிர்பார்ப்பது?

அலுவலகங்களில் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. களப்பணியில் நம்மிடம் மனம்விட்டுப் பேசும் அதிகாரிகள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். கீழே இருப்பவர் இவரைத் தாண்டி மேலதிகாரியிடம் போகிறார். முக்கியமான கூட்டம் நடப்பது கடைசியில்தான் தெரியவருகிறது. மற்றவர் செய்த தவறு அவரோடு போய்விடும், இவர் செய்தால் அது சாதியின் மீது எழுதப்படும். அதனால் ஒரே கோப்பை மூன்று முறை சரிபார்க்கிறார். வேலையைப் பிரித்துக் கொடுக்கப் பயப்படுகிறார். தெரியாததைக் கேட்டால் திறமையில்லை என்பார்களோ என்று கேட்காமல் இருக்கிறார். உடம்பு சரியில்லாதபோதும் லீவு எடுப்பதில்லை. முடிவுகள் தாமதமாகின்றன. அந்தத் தாமதம்தான் ஆண்டு மதிப்பீட்டில் “செயல்திறன் குறைவு” என்று ஏறுகிறது. காரணத்தை உண்டாக்கியவர்களே மதிப்பெண்ணும் போடுகிறார்கள்.

பதவி உயர்வில் இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் அரசியல் சட்டத்தின் 335ஆம் பிரிவிலுள்ள “நிர்வாகத் திறன்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். 2019இல் பவித்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லைக் குறுகலாகப் பார்க்கக் கூடாது, சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் உள்ளடக்கிய நிர்வாகமே திறனுள்ள நிர்வாகம் என்றது. இந்தத் தீர்ப்பை மாணவர்கள் படித்து வைத்திருக்க வேண்டும்.

நாளை அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். ஆண்டு மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மதிப்பீட்டையும் அரசு ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாய்மொழி அவமதிப்பைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஊராட்சிப் பொறுப்பாளரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக இருக்காதீர்கள். எஸ்சி, எஸ்டி ஊழியர் சங்கத்தில் சேருங்கள், மூத்தவர்களிடம் பேசுங்கள். தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மேலாளர்களின் நலம் பற்றிப் பேசும் எந்த நிறுவனமும் முதலில் ஒரு கணக்கைக் காட்டட்டும். தலித் அதிகாரிகளுக்குப் பொறுப்போடு எவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டுத் திறமையைப் பற்றிப் பேசலாம்.