அலையறிந்த கைகள்



காஞ்சிபுரம் பகுதித் தறிகளில் நெய்த துணி ஒரு காலத்தில் சென்னை வழியே கடல் கடந்து சென்றது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டாத தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையை ஒட்டியோ அலைகள் வரிசை வரிசையாக எழுந்து உடையும். கப்பலின் சொந்தப் படகுகள் அவற்றில் சிக்கினால் நொறுங்கிவிடும். ஆகவே சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கியவர்கள் நம் கடலோரப் படகோட்டிகளே.

அவர்களுடைய மசூலாப் படகில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினாலும் தரை தட்டினாலும் அது வளைந்து கொடுக்கும். ஆயினும் படகைவிடப் பெரிது படகோட்டியின் அறிவு. பின்புறம் நீண்ட துடுப்பைப் பிடித்து நிற்பவர் அலைகளைக் கண்ணால் அளப்பார். பேரலைகள் கடந்து கடல் சற்றே தணியும் வேளையில் குரல் கொடுப்பார். அக்குரலுக்கு அனைவரும் ஒருமித்துத் துடுப்பு வலிக்க வேண்டும். ஒரு நொடி தவறினாலும் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். தண்ணீரில் விழுந்தவர்களை மீட்கக் கட்டுமரக்காரர் உடன் செல்வதும் உண்டு.

இத்தகையோர் பிற நாடுகளிலும் இருந்தனர். கனடாவில், செயிண்ட் லாரன்ஸ் ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் இலாஷீன் என்னுமிடத்தில், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களை வழிநடத்தியவர்கள் கானவாகே ஊரின் மோஹாக் மக்கள். 2012-ல் புனிதர் பட்டம் பெற்ற கத்தேரி தெக்கக்விதா அடக்கம் செய்யப்பட்டிருப்பது அவ்வூர்க் கோவிலில்தான்.

ஆளுநரும் வணிகரும் தம் உயிரை நம் படகோட்டிகளின் கையில் ஒப்படைத்தே கரை சேர்ந்தனர். கரையேறிய பின் அவர்களின் பெயரை நினைவில் வைத்தவர் மிகச் சிலரே. 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. 1881-ல் பெரும்புயல் அதைச் சிதைத்தபோதிலும், மீண்டும் கட்டி முடித்தனர். காலப்போக்கில் படகோட்டிகளின் தொழில் மறைந்தது.

ஆனால் இராயபுரத்தில் ஒரு சான்று நிற்கிறது. கத்தோலிக்கப் படகோட்டிகள் தம் உழைப்பின் பணத்தால் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் அது; ஆண்டு 1829. அலைமேல் அஞ்சி மூழ்கத் தொடங்கிய இராயப்பரை ஆண்டவர் கைநீட்டித் தூக்கினார் அல்லவா? அந்தக் கையை நம்பியே அவர்கள் நாள்தோறும் கடலில் இறங்கினார்கள்.

பெற்றோரே, நம்மையும் நாள்தோறும் கரை சேர்ப்பவர்கள் உண்டு: பேருந்து ஓட்டுநர், இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர், சாக்கடையைத் துப்புரவு செய்பவர். இன்றிரவு குடும்பச் செபத்தில் பிள்ளைகளோடு அவர்களைப் பெயர் சொல்லி நினையுங்கள். பெயர் தெரியாவிடில், நாளை கேட்டறியுங்கள்.