முதலில் ஹெட்போன், பிறகு ஆம்ப்ளிபையர்

ஹெட்போன் ஆம்ப்ளிபையர் வாங்க விரும்பும் ஒருவர், பையில் எடுத்துச் செல்லக்கூடியதை வாங்குவதா, மேஜைமேல் நிலையாக வைக்கக்கூடியதை வாங்குவதா என்று ஆலோசனை கேட்கும்போது, பெரியதே சிறந்தது என்றோ, இக்காலத்தில் சிறியதே போதும் என்றோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் நம் தொழிலில் வேரூன்றி வருகிறது. அவரிடம் இருக்கும் ஹெட்போன் எது என்று விசாரிக்காமல் சொல்லப்படும் விடை, எவ்வளவு நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டாலும், ஆதாரமற்ற அபிப்பிராயமே என்பது எமது திடமான கருத்து.

சென்ஹைசர் எச்.டி. 650-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இம்பீடன்ஸ் 300 ஓம். ஒரு வோல்ட்டுக்கு அது தரும் ஒலி 103 டெசிபல். சங்கீதத்தின் உச்சங்கள் 110 டெசிபலைத் தொடும் தருணத்திலும் ஒலி சிதையாதிருக்க வேண்டுமானால், ஏறத்தாழ இரண்டேகால் வோல்ட் தேவை. சக்தியோ 17 மில்லிவாட்டுக்கு மேற்படாது. ஆகவே இங்கே பிரச்சினை வாட் அல்ல, வோல்ட். 3.7 வோல்ட் லித்தியம் பாட்டரி ஒன்றை மட்டும் நம்பி, மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட்டோ பாலன்ஸ்டு அமைப்போ இல்லாமல் இயங்கும் கருவி ஒன்றரை வோல்ட்டைக்கூட எட்டுவது அரிது. அவ்வமைப்புகளில் ஒன்று முறையாக இருந்துவிட்டால், சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியே இந்த ஹெட்போனுக்குப் போதுமானது. ஹைபைமேன் எச்.இ.-6 விஷயம் வேறு. ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தரும் 50 ஓம் ஹெட்போனாகிய அது, அதே உச்சத்துக்கு 450 மில்லிவாட்டையும், அதாவது ஐந்து வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான மின்னழுத்தத்தையும் 95 மில்லியாம்பியர் மின்னோட்டத்தையும் கேட்கிறது. இத்தகையதற்கு மேஜைக் கருவியைச் சிபாரிசு செய்வது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

காதுக்குள் செருகும் நுண்ணிய இயர்போன்களிலோ இந்நியாயம் தலைகீழாகிறது. அதிக கெயின் உள்ள மேஜைக் கருவியில் அவற்றை இணைத்தால், பாட்டு நின்ற இடைவெளியில் இரைச்சல் கேட்கும். வால்யூம் குமிழைச் சிறிதே திருப்பிய நிலையில் இடக்காதும் வலக்காதும் சமமாக ஒலிக்கமாட்டா. இதனினும் பிரதானமானது கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸ். 1996-இல் வெளியான ஐ.இ.சி. 61938 என்னும் சர்வதேசத் தரவிதி இதற்கு 120 ஓம் என்ற அளவைச் சிபாரிசு செய்தது. பல ஆர்மேச்சர்கள் கொண்ட, அலைவரிசைக்கு அலைவரிசை இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் இயர்போனுக்கு அந்த அளவு சற்றும் பொருந்தாது, ஷூர் எஸ்.இ. 846-இன் குறிப்பளவு வெறும் 9 ஓம் என்பதை நினைத்தால் இது விளங்கும். ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாத அவுட்புட் இம்பீடன்ஸே உசிதம் என்ற நடைமுறை விதியை நாம் மறக்கலாகாது. மேலும், பாட்டரியில் தனித்து இயங்கும் கருவிக்கு மின் இணைப்பு வழியே நுழையும் ஹம் தொல்லை கிடையாது. இது சிறிய கருவியின் இயல்பான அனுகூலம்.

இவ்விரு வகைகளும் அடிப்படையிலேயே வெவ்வேறு ஜாதி என்ற எண்ணமும் தவறு. என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் எழுதிய இன்ஜினியர் ஒருவர் 2011-இல் தமது ஓ2 ஆம்ப்ளிபையரின் வரைபடத்தையும் பரிசோதனை அளவுகளையும் உலகறிய வெளியிட்டார். இரண்டு 9 வோல்ட் பாட்டரிகளிலும் இயங்கி, வீட்டு மின்சாரத்திலும் அடாப்டர் மூலம் இயங்கிய அந்த ஒரே சர்க்யூட், தரத்தை நிர்ணயிப்பது பெட்டியின் பரிமாணம் அல்ல, அதற்குள் இருக்கும் அமைப்பே என்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தது.

சக்தி மிகுதியாக இருப்பது உச்சங்கள் சிதையாதிருப்பதற்கேயன்றி, இடைவிடாமல் உரக்கக் கேட்பதற்கன்று. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலே எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பதை, வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வதும் நம் கடமையே.

ஆகவே, இம்பீடன்ஸ், சென்சிட்டிவிட்டி, கேட்கப்படும் இடம் ஆகிய மூன்றையும் விசாரித்து, கணக்கிட்டுப் பார்த்த பிறகே சிபாரிசு செய்வது என்ற நியமத்தை நம் துறையினர் யாவரும் கைக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர்களும், 16, 32, 300 ஓம் சுமைகளில் தங்கள் கருவி தரும் வோல்ட்டையும், அதன் அவுட்புட் இம்பீடன்ஸையும், பாட்டரியில் இயங்கும்போது அவ்வளவுகள் எவ்வாறு மாறுகின்றன என்பதையும் பெட்டியின்மீதே அச்சிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அவ்விவரங்களைத் தராத கருவியை, நம்மை நம்பி வருகிறவருக்கு நாம் சிபாரிசு செய்யலாகாது.