கணக்கு எப்பவும் மேலுக்குத்தான் போகணுமா?

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கட கரையோரத்தில் சுனாமிக் காசைப் பற்றி யாராவது வாய் திறந்தால் இந்தப் பழமொழிதான் பதிலாக வரும். வெளிநாட்டான் சும்மா தந்த காசு, வந்தது வந்ததுதான், கணக்குக் கேட்க நாம யாரு?

இந்தப் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை. அந்தக் காசு சும்மா வந்ததும் இல்ல, தந்தவங்க கணக்குக் கேட்காமல் விட்டதும் இல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். 2004இல் அதில் 25 நாடுகள். ஒவ்வொரு நாடும் தன் மக்களின் வரிப்பணத்தில் ஒரு பங்கைப் பொதுப் பெட்டியில் போடுது. அந்தப் பெட்டியிலிருந்து சுனாமி அடித்த நாடுகளின் மனிதாபிமான உதவிக்கு 12 கோடி 30 லட்சம் யூரோ ஒதுக்கினாங்க. மீள்கட்டுமானத்துக்கு 35 கோடி யூரோ தருவதாகவும் சொன்னாங்க. பல பேரின் காசு ஒரே பெட்டியில் கிடந்தால் சந்தேகமும் சேர்ந்தே கிடக்கும். அதற்காகவே லக்சம்பேர்க்கில் ஐரோப்பியக் கணக்காய்வாளர் நீதிமன்றம் என்று ஒன்று 1977 முதல் இயங்குது. பெயர்தான் நீதிமன்றம், யாரையும் மறியலுக்கு அனுப்ப அதற்கு அதிகாரம் இல்ல. அதன் வேலை, செலவைத் தோண்டிப் பார்த்து ஊரறியச் சொல்வது.

சொல்லத்தான் செய்றாங்க. விதிக்கு மாறாகப் போன செலவு 2022இல் 4.2 வீதம், 2023இல் 5.6 வீதம் என்று தங்கட ஒன்றியத்தின் பிழையைத் தாங்களே மதிப்பிட்டு அச்சடிக்கிறாங்க. அது முழுக்கக் களவு என்று அர்த்தமில்ல. கொடுத்திருக்கக் கூடாத கொடுப்பனவு என்றுதான் அர்த்தம். ஆனாலும் மறைக்கல. 1996ஆம் ஆண்டுக் கணக்கை ஏற்க மாட்டோம் என்று ஐரோப்பியப் பாராளுமன்றம் தொடங்கிய சண்டை, 1999 மார்ச்சில் ஜாக் சான்டேர் தலைமையிலான 20 பேர் ஆணைக்குழு முழுதும் பதவி விலகியதில் போய் முடிந்தது. கணக்குக்கு அங்கே பல் இருக்கு.

சுனாமிக் காசையும் அந்தக் கணக்காய்வாளர்கள் பார்த்தாங்க. ஒன்றியத்தின் மனிதாபிமான உதவி பற்றி 2006இலேயே தனி அறிக்கை போட்டாங்க. உதவி பெற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. இலங்கையில் ஆகக் கூடிய உயிரிழப்பு, பத்தாயிரத்துக்கும் மேல், அம்பாறை மாவட்டத்தில்.

அந்த அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கும் அங்கே வரி கட்டுறவங்களுக்கும். அதில் பிழை இல்ல, அவங்கட காசு. இன்றைக்கு அந்த நீதிமன்றத்தின் சிறப்பு அறிக்கைகள் ஒன்றியத்தின் 24 உத்தியோக மொழிகளில் வருது, மோல்ட்டா மொழி உட்பட. மோல்ட்டாவின் சனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். அம்பாறை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படியே அதைவிடக் கூடுதலான பேர் இருந்தாங்க. கொடுத்தவர் பக்கம் ஐந்து லட்சம் பேருக்குக் கணக்கு சொந்த மொழியில் கிடைக்குது. யாருடைய பேரைச் சொல்லிச் செலவழித்தாங்களோ அவங்களுக்கு எந்த மொழியிலும் இல்ல.

எங்கட குற்றச்சாட்டு இதுதான். கணக்கு எப்பவும் மேலுக்குப் போகுது. ஒப்பந்தக்காரர் தொண்டு நிறுவனத்துக்கு, தொண்டு நிறுவனம் ஐ.நா. நிறுவனத்துக்கு, ஐ.நா. பிரசல்ஸுக்கு, பிரசல்ஸ் பாராளுமன்றத்துக்கு. சாய்ந்தமருதில் வீடிழந்த ஒரு தாய்க்குச் சொல்ல அந்த ஏணியில் ஒரு படியும் இல்ல.

மேலுக்குப் போற கணக்காவது முழுசா இருந்ததா? உலக நாடுகளின் கணக்காய்வு நிறுவனங்களின் அமைப்பான இன்டோசாய், சுனாமிக் காசைப் பின்தொடர 2005இல் ஒரு செயலணி அமைத்தது. கொடுத்த கையிலிருந்து வாங்கிய கை வரைக்கும் தடம் பிடிக்கப் பார்த்தாங்க. முழுத் தடம் கிடைக்கல. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு வடிவத்தில் அறிக்கை, ஒன்றோடொன்று பொருந்தாத கணக்குகள். ஆகக் கீழே நிற்கிறவங்க கேள்வி கேட்க முடியாத சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று மேலே இருப்பவருக்கும் தெரியாமல்தான் போகும்.

உள்ளூர்க் கதையும் வேற மாதிரி இல்ல. 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்து வைத்தாங்க. பல நாடுகளின் காசு ஒரு பிராந்திய நிதியத்துக்குள் வர இருந்தது. அதைப் பங்கிடும் பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு 5, முஸ்லிம்களுக்கு 3, அரசாங்கத்துக்கு 2 இடம். ஆனால் ஒப்பந்தத்தில் முஸ்லிம் தரப்புக்குக் கையெழுத்தே இல்ல. மூன்று வாரத்தில், ஜூலை 15இல், உயர் நீதிமன்றம் நிதியம் உள்ளிட்ட முக்கிய பகுதிகளுக்குத் தடை போட்டது. வெட்டினது ஒருத்தர், ஒட்டினது ஒருத்தர். ஆக அதிகம் செத்த கரையோரத்தின் முஸ்லிம் ஊர்கள் பார்த்துக்கொண்டு நின்றன.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நன்கொடையில் 500 வீடு கட்டினாங்க. யாருக்குக் கொடுக்கிறது என்று வழக்கு, 2009இல் தீர்ப்பு, அதற்குப் பிறகு வருஷக் கணக்கில் பூட்டிக் கிடந்து காடு மண்டினது. ரியாத்துக்குப் போகும் அறிக்கையில் வீடு கட்டி முடிந்தது என்று எழுதலாம். ஒருத்தர் குடியிருந்தாரா என்று கேட்க வேண்டியது யார்?

இப்படிக் கேட்பது நன்றி கெட்ட வேலை என்பவர்களுக்கு, குத்பாவில் நாம எல்லாரும் கேட்ட கதையொன்று. எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டுத் துணி பங்கு வைத்தார்கள். கலீபா உமர் நெடிய மனிதர். ஒரு துண்டு அவருக்குக் காணாது. ஆனால் முழு உடுப்போடு மிம்பரில் நின்றார். உங்களுக்கு மட்டும் எப்படி இரண்டு துண்டு, அதைச் சொல்லும் வரை நாங்கள் கேட்கமாட்டோம் என்று சபையிலிருந்து ஒருவர் எழுந்தார். என் பங்கை வாப்பாவுக்குக் கொடுத்தேன் என்று மகன் சாட்சி சொன்ன பிறகுதான் பேச்சு தொடர்ந்தது. கேட்டவரை யாரும் நன்றி கெட்டவர் என்று சொல்லல. பொதுக்காசு அமானிதம். அமானிதத்தின் கணக்கு, கொடுத்தவருக்கு மட்டும் அல்ல, சபைக்கும் சேர்ந்தது.

இன்னொரு பேச்சும் உண்டு. இதையெல்லாம் கிளறினால் நாளைக்கு உதவி வராது என்பது. சான்டேர் குழு போனதால் ஒன்றியம் காசு கொடுப்பதை நிறுத்தலயே. கணக்குக் காட்டுற இடத்துக்குத்தான் துணிந்து காசு வரும்.

அப்போ என்ன செய்ற? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் கையில் இருக்கு. வெளிநாட்டு அரசாங்கமோ சர்வதேச நிறுவனமோ கணிசமாக நிதி தரும் தொண்டு நிறுவனமும், அது மக்களுக்குச் செய்யும் சேவை அளவில், அந்தச் சட்டத்துக்குள் வரும். ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதம் முன்னரே மக்களுக்கு அறிவிக்க வேண்டியது அமைச்சரின் கடமை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

இதில் அவசரமும் இருக்கு. சட்டம் நடைமுறைக்கு வரும்போது இருந்த பழைய ஆவணங்களை 10 வருஷமாவது பாதுகாக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. பொது அதிகாரசபைகளில் அது நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3இல். கூட்டிப் பார்த்தால் 2027 பெப்ரவரியோடு அந்தக் கட்டாயம் முடியுது. சுனாமிக் கோப்புகள் அதற்குள்தான் வரும்.

சுனாமி அடித்தபோது எங்களில் பாதிப்பேர் தொட்டிலில். மற்றப் பாதி பிறக்கவே இல்ல. அந்த வீடுகளில் வளர்ந்தது நாங்கதான். அதனால் கேட்கிறோம்: வெளிநாட்டுக் காசில் நடக்கிற எந்த வேலைக்கும் எவ்வளவு வந்தது, யார் கையில் போனது, என்ன மிச்சம் என்று ஒரு பக்கக் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை வசூலை ஒட்டி வைக்கிற பள்ளிவாசல் அறிவித்தல் பலகையால் முடிவது, அரசாங்கத்தாலும் ஐ.நா.வாலும் முடியாதா?

இதை வாசிக்கிறவர்களில் ஊருக்கு ஒருத்தர், உங்கட பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்க. சுனாமிக்குப் பிறகு உங்கட ஊரில் கட்டின ஒரே ஒரு வீட்டுத்திட்டத்தின் கோப்பைக் கேட்டால் போதும். பதில் வந்தால் இந்தத் தளத்திலேயே போடுவோம். பதினாலு வேலை நாளில் பதில் வராவிட்டால் அதையும் போடுவோம்.